பழைய வாயிலைத் திறத்தல் : ஒரு வழுவமைதி பற்றிய அறவியல் நோக்கு

அறவியலார் எடுத்து ஆராயும் வினாக்களிற் பெரும்பாலானவை கொலை, களவு, வாக்குத் தவறுதல் போன்ற பெருஞ்செயல்களைப் பற்றியனவாகவே அமைதலைக் காணலாம். ஒருவன் தன் மேசையின் முன் அமர்ந்து, ஒரு கோப்பைத் திறந்து, அதில் ஒரேயொரு வரியைச் சேர்த்துவிட்டு எழுந்து செல்வது அறவியலின் ஆராய்ச்சிக்குரியதென எவரும் எளிதில் ஒப்பார். ஆயினும், ஒருகாலத்திற் பெருவழக்காயிருந்து பின் கைவிடப்பட்ட கோப்புப் பகிர்வு நெறிமுறையொன்றை இன்றைய லினக்ஸ் கணினியில் மீண்டும் இயங்கச் செய்தல் அத்தகைய ஒரு வரியாலேயே நிறைவேறுகின்றது. அவ்வரியை எழுதுவோன் தனக்கு மட்டுமன்றி, அவ்வலையமைப்பைப் பயன்படுத்தும் பிறர் அனைவருக்கும் சேர்த்தே ஒரு முடிவைச் செய்துவிடுகின்றான். அம்முடிவைச் செய்யும் உரிமை அவனுக்கு உண்டா, உண்டாயின் அஃது எந்த எல்லைவரை செல்லும் என்பதே ஈண்டு எழும் வினா.

நெறிமுறை என்பது இரு கணினிகள் ஒன்றோடொன்று உரையாடுதற்கு முன்கூட்டியே வகுத்துக்கொண்ட இலக்கணம் எனலாம். எஸ்.எம்.பி. எனச் சுருக்கமாக வழங்கும் நெறிமுறை 1980களின் தொடக்கத்தில் ஐ.பி.எம். நிறுவனத்திலே பரி பைகன்பாம் என்பாரால் உருவாக்கப்பட்டது. பின்னர் மைக்ரோசொப்ற் நிறுவனம் அதனை விரித்துத் தன் இயங்குதளங்களின் பொதுமொழியாக்கிற்று. அக்காலத்து வலையமைப்பு என்பது பெரும்பாலும் ஒரே கட்டடத்திலே, ஒருவரையொருவர் முகமறிந்தோர் பயன்படுத்திய சில கணினிகளின் கூட்டமேயாகும். கம்பியின் மறுமுனையில் இருப்போன் நண்பனே என்ற எண்ணம் அந்நெறிமுறையின் அடித்தளத்திலே கிடந்தது. அதனை அறியாமை எனப் பிற்காலத்தார் இகழ்வது எளிது. ஆனால், கிராமத்து வீட்டிற்குப் பூட்டுப் போடாத மூதாதையரை அறிவிலிகள் என நாம் கூறுவதில்லை.

இந்நெறிமுறை லினக்ஸ் உலகிற்கு வந்த வரலாறும் நோக்கற்பாலது. 1991ஆம் ஆண்டின் இறுதியிலே கன்பராவிலுள்ள அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராயிருந்த அன்ட்ரூ ட்ரிட்ஜெல் என்பார், தம் மேசைக் கணினியையும் யுனிக்ஸ் கணினியையும் இணைத்துக் கோப்புகளைப் பரிமாற விரும்பினார். நெறிமுறையின் விளக்க நூல் கையில் இல்லாமையால், கம்பியின் வழியே செல்லும் தரவுப் பொதிகளை உற்றுநோக்கி, எந்த வினாவுக்கு எந்த விடை வருகின்றது எனக் கண்டறிந்து, அவ்விலக்கணத்தைத் தாமே மீட்டெடுத்தார். பிறமொழி பேசும் ஊருக்கு அகராதியின்றிச் சென்றவன் மக்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டே மொழி கற்பதனோடு இதனை ஒப்பிடலாம். எஸ், எம், பி என்னும் மூவெழுத்தும் வரிசைமுறையில் அமைந்த சொல்லொன்றை அகராதிப் பட்டியலிலே தேடி, 'சாம்பா' என்ற பெயரை அவர் தம் ஆக்கத்திற்குத் தெரிந்தெடுத்தார் என்பது சுவையான செய்தி. எனவே சாம்பா பிறப்பிலேயே ஒரு மொழிபெயர்ப்பாளன். 'உன் மொழியை நான் பேசுகின்றேன். நீ மாறவேண்டியதில்லை' என வேற்றுக் கணினியிடம் கூறுதலே அதன் பணி. அத்தகைய மென்பொருளே பிற்காலத்தில் ஒரு மொழியைப் பேச மறுத்தது என்பதிலேதான் சிக்கல் தொடங்குகின்றது.

எஸ்.எம்.பி.யின் முதலாம் பதிப்பு காலப்போக்கில் நூற்றுக்கு மேற்பட்ட கட்டளைகளைக் கொண்டதாய்ப் பெருத்தது. விஸ்ரா இயங்குதளத்தோடு வெளிவந்த இரண்டாம் பதிப்பு அவற்றைப் பத்தொன்பதாகச் சுருக்கிற்று. 2012இல் வந்த மூன்றாம் பதிப்பு மறைகுறியாக்கத்தைச் சேர்த்தது. முதலாம் பதிப்பிலோ, இரு கணினிகளும் 'எம்மொழியிற் பேசுவோம்' எனத் தீர்மானிக்கும் தொடக்க உரையாடலுக்கே காவலில்லை. இடையிற் புகுந்த ஒருவன் அவ்வுரையாடலைத் திரித்துவிட இடமுண்டு. செய்தி மாற்றப்படவில்லை என உறுதிசெய்யும் கையொப்பமும் இன்று வலுவிழந்த எம்.டி.5 முறையைச் சார்ந்தது. பழங்கருவிகளோடு நிகழும் பரிமாற்றத்திலே கோப்பின் உள்ளடக்கம் மறைப்பின்றியே செல்லும்.

2017ஆம் ஆண்டு இக்குறைகளை ஏட்டளவில் நிற்கவிடவில்லை. அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகவரகம் ஆக்கியதெனப் பரவலாகக் கருதப்படும் தாக்குதற் கருவியொன்று, மைக்ரோசொப்ற் தன் எஸ்.எம்.பி. முதலாம் பதிப்பு நிரலிலே கொண்டிருந்த வழுவொன்றைப் பயன்படுத்திற்று. மார்ச் 14ஆந் திகதி அவ்வழுவைத் திருத்தும் ஒட்டு வெளியாயிற்று. ஏப்பிரலிற் கருவி பகிரங்கமாயிற்று. மே 12ஆந் திகதி 'வானாக்கிறை' எனும் தீநிரல் உலகெங்கும் பரவிற்று. பிரித்தானியத் தேசியக் கணக்காய்வு அலுவலகம் அவ்வாண்டு ஒக்ரோபரில் வெளியிட்ட அறிக்கையின்படி, இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவைக்குட்பட்ட 236 அறக்கட்டளைகளுள் குறைந்தது 81 பாதிப்புற்றன. இரத்துச் செய்யப்பட்டன என அடையாளங் காணப்பட்ட மருத்துவச் சந்திப்புகள் மட்டும் 6,912. உண்மைத் தொகை 19,000க்கு மேலிருக்கும் என அறிக்கை மதிப்பிட்டது. கோப்புப் பகிர்வு நெறிமுறை என்ற சொற்றொடரை வாழ்நாளிற் கேட்டிராத நோயாளர் தம் சிகிச்சைக்குரிய நாளை இழந்தனர்.

ஈண்டு ஒரு தெளிவு வேண்டப்படுகின்றது. அன்று தாக்குண்டது மைக்ரோசொப்ற்றின் நிரல். சாம்பாவின் நிரல் அன்று. ஆகவே, லினக்ஸ் கணினியிலே பழைய நெறிமுறையைத் திறப்போன் அதே வழுவைத் தன் வீட்டிற்குள் அழைத்துவருகின்றான் எனச் சிலர் அச்சுறுத்துவது பிழையாகும். மேலும், அன்று பாதிப்புற்ற கணினிகளுட் பல மிகப் பழையன அல்ல. ஒட்டுக் கிடைத்தும் இடப்படாதனவே. நன்னோக்கத்தோடு கூறப்படினும் மிகைக்கூற்று மிகைக்கூற்றே. இலக்கணத்தின் குறை வேறு, அதனைப் பேசியவனின் நாக்குழறல் வேறு. சாம்பாவைக் கொண்டு பழைய நெறிமுறையைப் பேசும்போது இரண்டாவது நீங்கும், முதலாவது நீங்காது. அதுமட்டுமன்றி, எந்தப் பழங்கணினியின் பொருட்டு வாயில் திறக்கப்படுகின்றதோ, அக்கணினியும் வலையமைப்பிலே அமர்ந்திருக்கும் என்பதை மறத்தலாகாது.

இந்நிகழ்ச்சிகளின் பின் வாயில்கள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. 2017 செப்ரெம்பரில் வெளிவந்த லினக்ஸ் கருநிரலின் 4.13ஆம் பதிப்பு, தொலைக்கோப்புகளை இணைக்கும்போது முதலாம் பதிப்பைத் தானாகத் தெரிந்தெடுக்கும் வழக்கத்தைக் கைவிட்டது. 2019 செப்ரெம்பரில் வெளிவந்த சாம்பாவின் 4.11ஆம் பதிப்பு, இரண்டாம் பதிப்பிற்குக் குறைந்த எதனையும் இயல்பாக ஏற்பதில்லை என வரையறுத்தது. கருநிரலை அமைக்கும்போது இப்பழைய பகுதியைச் சேர்ப்பதற்குரிய தெரிவுக்கு 'பாதுகாப்பற்ற பழமையை அனுமதித்தல்' எனப் பொருள்படும் பெயரே சூட்டப்பட்டுள்ளது. ஒரு தொழினுட்பப் பெயருக்குள் இத்துணை வெளிப்படையான கண்டனம் அமைதல் அரிது.

எனினும் இவர்கள் தடுக்கவில்லை, இயல்புநிலையை மாற்றினர். நிரல் அகற்றப்படாமல் உள்ளேயே இருக்கின்றது; வேண்டுவோன் 'வழங்கி ஏற்கும் மிகக் குறைந்த நெறிமுறை' எனப் பொருள்படும் அமைப்பு வரிக்கு 'என்.ரி.1' என்ற மதிப்பை இட்டால் வாயில் திறக்கும். தடைக்கும் இயல்புநிலை மாற்றத்துக்கும் இடையேயுள்ள வேறுபாடு அறவியல் நோக்கில் மிகப் பெரிது. முன்னர்ப் பழைய நெறிமுறையைப் பேசியோன் ஒன்றும் செய்யாமலே பேசினான். அதன் விளைவுக்கு அவனைப் பொறுப்பாளியாக்குதல் கடினம். இன்று பேசுவோன் அறிந்து, தேடி, எழுதிப் பேசுகின்றான். செயலின் வெளித்தோற்றம் ஒன்றே; ஆனால் அது தெரிவாகிவிட்டமையால், 'ஏன்' என்ற வினாவுக்கு விடைகூறும் கடமையும் உடன்வந்துவிட்டது.

தமிழ் இலக்கணம் இந்நிலைக்கு ஓர் அரிய சொல்லை வைத்திருக்கின்றது. வழக்கு முறையை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகக் காண்பர். உவகை மிகுதியால் ஒருவன் தன் பசுவைத் தாயென விளித்து உயர்திணை முடிபு கொடுப்பானாயின் அது வழுவேயாகும். ஆயினும் ஒரு காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுகின்றது. திணையும் பாலும் மயங்கி வருதற்கு நன்னூலார் ஐந்து காரணங்களை எண்ணிக் கூறுவர். காரணமின்றி மயங்கின் அது வழுவாகவே நிற்கும். வழுவமைதி என்பது குற்றத்தைக் குற்றமன்றென மறுப்பதுமன்று, குற்றமென ஒறுப்பதுமன்று. குற்றமென அறிந்தே, காரணங் கண்டு, இடங்கொடுப்பது. பழைய நெறிமுறையைத் திறத்தலும் அத்தகையதே எனக் கொள்ளின், வழுவை அமைக்கத்தக்க காரணங்கள் யாவை என்பதே அடுத்த வினாவாகின்றது. கணினி நிருவாகிகளுக்கு எந்த நன்னூலாரும் அப்பட்டியலை வகுத்துத் தரவில்லை.

ஓர் எடுத்துக்காட்டை மனத்திற் கொள்ளலாம். ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்திலே நிறமாலைமானி ஒன்று உண்டு. அதனை இயக்கும் கணினி வின்டோஸ் எக்ஸ்.பி. இயங்குதளத்தைக் கொண்டது, கருவியின் மென்பொருள் வேறெதிலும் இயங்காது. எக்ஸ்.பி. பேசவல்லது முதலாம் பதிப்பை மட்டுமே; அதற்கான ஆதரவு 2014 ஏப்பிரல் 8ஆந் திகதியோடு முடிவுற்றது. கருவியோ பழுதற்றது, ஒளியை முன்போலவே அளக்கின்றது. கோப்பு வழங்கியின் லினக்ஸ் மேம்படுத்தப்பட்ட மறுநாள், அளவீடுகள் வழங்கியைச் சென்றடையவில்லை. மாணவர் முறையிடுகின்றனர். நிருவாகிக்கு முன் அந்த ஒரு வரி நிற்கின்றது.

அதனை எழுதுதல் அன்பின்பாற்பட்ட செயலாகத் தோன்றும். நன்றாக இயங்கும் பொறியைக் குப்பையிலிடாமை சிக்கனம். ஆய்வைத் தடையின்றி நடத்துவித்தல் கடமை. ஆனால் அவ்வரியின் இயல்பை உற்றுநோக்குதல் வேண்டும். அது வழங்கி முழுவதற்கும் உரியது. ஒரு பகிர்வுக்கோ ஒரு கருவிக்கோ என வரையறுத்து எழுத இயலாதது. நிறமாலைமானிக்காகத் தாழ்த்தப்படும் தரை அவ்வழங்கியைச் சாரும் அனைவருக்கும் தாழ்ந்துவிடுகின்றது. தன் மடிக்கணினி பழைய பேச்சை இன்னும் அனுமதிப்பதை அறியாத விரிவுரையாளர் ஒருவர் தம் வினாத்தாளை அதே வழங்கியில் வைக்கின்றார் எனின், இடையிற் புகுந்தோன் இருவரையும் பழைய மொழிக்கு இறக்க இடமுண்டு. அவர் எதற்கும் இணங்கவில்லை. அவரிடம் எவரும் கேட்கவுமில்லை. ஒருவருக்குக் காட்டிய இரக்கத்தின் விலையை இன்னொருவர் செலுத்துகின்றார். ஈகை தன் பொருளைக் கொடுப்பதாகும். பிறர் பொருளைக் கேளாமல் எடுத்துக் கொடுத்தலுக்கு வேறு பெயருண்டு.

1859இல் வெளிவந்த 'சுதந்திரம் பற்றி' எனும் நூலிலே ஜோன் ஸ்ருவட் மில் தனக்கு மட்டுமே உரிய செயலையும் பிறரைத் தாக்கும் செயலையும் பிரித்து, முன்னதிலே சமூகம் தலையிடலாகாதென வாதித்தார். எல்லாச் செயலும் எவரையேனும் தாக்குமாதலால் அப்பிரிவு நடைமுறைக்கு ஒவ்வாதென அவரை மறுத்தோர் பலர். வியப்பு யாதெனில், லினக்ஸ் கணினியில் அப்பிரிவு ஏறக்குறையத் துலக்கமாகவே காணப்படுகின்றது. ஒருவன் தன் கணினியிலிருந்து பழைய சேமிப்புப் பெட்டியொன்றைச் சென்று காணும்போது, அந்த ஒரு தொடர்புக்கு மட்டும் 'முதலாம் பதிப்பிற் பேசுக' எனக் கட்டளையிடலாம். வேறு எத்தொடர்பும் மாறாது. அவன் இடர் பெரும்பாலும் அவனளவில் நிற்கும். வழங்கியின் பொதுத்தரையைத் தாழ்த்துதலோ வேறு வகைச் செயல். பழைய மொழியிற் பேசச் செல்வோனும், பழைய மொழியே இவ்வூரிற் செல்லும் என ஆணையிடுவோனும் ஒருவரல்லர். இவ்வேறுபாட்டை நோக்காது, இரண்டையும் 'பழையதை இயக்குதல்' என ஒரே பெயரால் வழங்குதலே இத்துறையிற் காணப்படும் குழப்பங்களுட் பெரிது.

'எமது வலையமைப்பு உள்வீட்டு வலையமைப்பு. வெளியார் வாரார்' என்பர் சிலர். இவ்விடை 1980களின் நம்பிக்கையை மீளக் கூறுவதன்றி வேறன்று. மதிலுக்குள் ஒரு கணினி தீநிரலுக்கு ஆளானாற் போதும். மதில் அதன்பின் கள்வனுக்கே காவலாகும். இன்னொன்றும் உண்டு. முதல் வரி எழுதப்பட்டபின் சில பழங்கருவிகள் அப்போதும் இணையமாட்டா. கடவுச்சொல்லைச் சரிபார்க்கும் பழைய முறையையும் அவை வேண்டிநிற்கும். அம்முறை சார்ந்துள்ள டி.ஈ.எஸ். மறைகுறியாக்கத்தின் 56 பிற்றுத் திறவியைக் கண்டறிய 1998இலேயே மூன்று நாட்களுக்குக் குறைந்த காலம் போதியதாயிற்று. எனவே இரண்டாம் வரி. பின்னர்க் கடவுச்சொல்லே வேண்டாத விருந்தினர் நுழைவு. ஒவ்வொரு படியும் முன்னைய படியை வீணாக்காமலிருத்தற் பொருட்டு எடுக்கப்படுகின்றது. இறுதிநிலையை முதலிலேயே ஒருவர் முன்மொழிந்திருப்பின் அதே நிருவாகி சினந்து மறுத்திருப்பார்.

இனி, எதிர்ப்பக்கத்தார் கூற்றிலும் புறக்கணிக்கலாகாத நியாயம் உண்டு. 'பழையதை எறிந்து புதியதை வாங்குக' என்ற அறிவுரையைச் செல்வர் செல்வர்க்குக் கூறலாம். கருவியொன்றை வாங்குதற்கு ஆண்டுக்கணக்காகக் காத்திருந்த நிறுவனத்துக்கு அவ்வறிவுரை பாதுகாப்பன்று. ஆய்வை நிறுத்துக என்ற ஆணையாகும். இருபதாண்டு உழைக்கவல்ல பொறியோடு அதனிற் குறைந்த ஆயுளுடைய மென்பொருளைப் பிணைத்து விற்று, பின் அதன் மூலநிரலையும் தராது கைகழுவிய உற்பத்தியாளரே இங்கு முதற் குற்றவாளி. அவரை எவரும் வினவுவதில்லை. கடைநிலையில் நிற்கும் நிருவாகியே கடிந்துரைக்கப்படுகின்றார். இது நீதியன்று. ஆனால் தமக்கு இழைக்கப்பட்ட அநீதி, தாம் மூன்றாமவருக்கு இடரிழைக்கும் உரிமையாக மாறுவதுமில்லை. நிருவாகியின் குறைபாடு உற்பத்தியாளர் மீது. இடரைச் சுமக்கப் போகின்றவரோ வினாத்தாளை வைத்த விரிவுரையாளர்.

இவ்விரு நியாயங்களுக்கும் இடமளிக்கும் வழி பொறியியலிலே இல்லாமலில்லை. பழங்கருவிக்கும் புதிய வழங்கிக்கும் இடையே சிறு லினக்ஸ் கணினியொன்றைத் துவிபாஷியாக நிறுத்தலாம். அதன் ஒரு வலையிணைப்பு பழங்கருவியோடு மட்டும் தொடர்புடையது. அவ்விணைப்பிலே மட்டும் செவிமடுக்குமாறு சாம்பாவைக் கட்டுப்படுத்தி, அங்கே பழைய மொழியைப் பேசச் செய்யலாம். மற்றைய இணைப்பின் வழியே அளவீடுகள் புதிய நெறிமுறையிற் பெருவழங்கியைச் சென்றடையும். பழங்கணினிக்கு வெளியுலகத் தொடர்பு எதுவும் இராது. தரை தாழ்வது ஓர் அறைக்குள்ளேதான். அவ்வறையிலே இருப்பது அளவீடுகளின் படிகள் மட்டுமே. இதற்கு வேண்டியது பழைய மேசைக் கணினி ஒன்றும், ஒரு பிற்பகல் உழைப்பும். ட்ரிட்ஜெல் தொடக்கத்திற் செய்த மொழிபெயர்ப்புப் பணியும் இதுவே. இம்முறை அது மதிலின் வாயிலில் நின்று நடைபெறுகின்றது என்பதே வேறுபாடு. இவ்வழி திறந்திருக்கும்போது, பொதுத்தரையைத் தாழ்த்துதற்கு 'வேறு வழியில்லை' என்ற காரணம் பெரும்பாலும் உண்மையாகாது. 'வேறு வழி தேட நேரமில்லை' என்பதே அதன் மெய்ப்பொருள். அது வழுவை அமைக்கும் காரணங்களுள் எண்ணத்தக்கதன்று.

அவ்வழியும் அடைபட்டு, வரியை எழுதியே தீரவேண்டிய நிலை சிலருக்கு வரலாம். அப்போது இணங்காதவர்க்கு அறிவித்தல் முதற்கடன்: 'இவ்வழங்கியிற் பழைய மொழி செல்லும், மறைபொருளை இங்கு வையாதீர்' என்னும் அறிவிப்பு, மாறியதை அறியாதோரை அறிந்து தெரிவோராக மாற்றுகின்றது. கால எல்லை வகுத்தல் மற்றொன்று. இதன் இன்றியமையாமை, அவ்வமைப்புக் கோப்பைப் பின்னர்த் திறக்கப்போகின்றவரை நினைத்தாற் புலனாகும். முன்னவர் மாற்றலாகிச் சென்றுவிட்டார். நிறமாலைமானியும் ஒருநாள் கழிக்கப்பட்டுவிட்டது. கோப்பிலே, காரணமோ திகதியோ இன்றி, 'என்.ரி.1' என முடியும் வரி தனித்து நிற்கின்றது. எதற்காக எழுதப்பட்டதென அறியாமையால் அதனை நீக்க அவர் அஞ்சுகின்றார். நீக்கினால் எங்கோ எதுவோ நின்றுவிடுமோ எனத் தயங்கி, கோப்பை மூடிவைக்கின்றார். அவ்வழங்கி அடுத்த பதிப்பிற்கு மேம்படுத்தப்படுகின்றது. வரியும் உடன் செல்கின்றது.